சுழியும் புள்ளியும் தப்பாமல்: நூற்பக்கங்களைப் படியெடுக்கும் கையடக்க வருடி



கோலசிலாங்கூர் மாவட்டத்தில், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் ஊரை அடுத்துத் தென்னமரம் என்றொரு தோட்டம் உண்டு. பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோனியே 1917-இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அங்குதான் உருவாக்கினார். பின்னர் மலாயாவைக் களமாகக் கொண்டு அவர் எழுதிய புதினம் 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. செம்பனையின் வரலாற்றைப் பேசுவோர் அந்த ஆண்டையும் அந்தப் பெயரையும் தவறாமல் சொல்வர். தோட்டத்தின் பெயர் தென்னையைக் குறிக்கும் தமிழ்ச் சொல் என்பதை நின்று கவனிப்பவர் சிலரே. செம்பனைக்குப் பேர் பெற்ற நிலம் தென்னையின் பெயரைத் தாங்கி நிற்பது மொழியியல் மாணவனுக்குச் சுவையான செய்தி.

இத்தகைய செய்திகள் பெருநூல்களில் கிடைப்பதில்லை. தோட்டப் பள்ளிகளின் ஆண்டு மலர், கோயில் குடமுழுக்கு மலர், இளைஞர் மணிமன்றக் கையேடு, தொழிற்சங்க ஆண்டறிக்கை, திருமண வாழ்த்து மடல் போன்ற சிற்றச்சுகளில்தான் அவை கிடக்கின்றன. ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம் வட்டாரத்திலும், வடக்கே உலு சிலாங்கூர், சபாக் பெர்ணம் வரையிலும் தோட்டங்கள் கைமாறின; துண்டாடப்பட்டன; வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் இடம்பெயர்ந்தபோது அடுப்பும் சாமி படமும் வண்டியேறின. மலர்கள் எல்லா வீடுகளிலிருந்தும் ஏறவில்லை. எஞ்சியவை கோயில் அலமாரியிலும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வீட்டுப் பரணிலும் இராமபாணப் பூச்சிக்கும் செல்லுக்கும் உணவாகிக்கொண்டிருக்கின்றன.

மொழியியல், இலக்கியம், வரலாறு ஆகிய துறைகளில் ஆய்வேடு எழுதும் மாணவர் என்னிடம் அடிக்கடி கேட்கும் வினா ஒன்றுண்டு: நூலகத்துக்கு எடுத்துச் செல்ல எந்த வருடியை வாங்கலாம்? கேட்பதற்குக் கடைத்தெரு வினாவாகத் தோன்றினும், விடையின் பெரும்பகுதி எழுத்திலக்கணத்தில் இருக்கிறது. எனவே அதனையே இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டேன்.

எதைப் படியெடுக்கப் போகிறோம் என்பதை முதலில் தெளிந்துகொள்வோம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அச்சான தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் ஓர் அட்டவணையை இராம சுப்பையா தொகுத்தார். ‘தமிழ் மலேசியானா’ என்னும் அந்தத் தொகுப்பை மலாயாப் பல்கலைக்கழக நூலகம் 1969-இல் வெளியிட்டது. தமிழ் மலேசிய ஆய்வுக்கு வருபவர் முதலில் தொட வேண்டிய நூல் அது. நாளிதழ்களில், 1924-இல் தொடங்கி 2019-இல் நின்ற ‘தமிழ் நேச’னும், 1935-இல் சிங்கப்பூரில் தோன்றிய ‘தமிழ் முர’சும் நமக்குப் பெருஞ்சுரங்கங்கள். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் முரசின் பழைய இதழ்களை எண்மியமாக்கியிருக்கிறது. சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தின் ஐம்பதாண்டுத் தொகுப்பும் 2015-இல் எண்மிய வடிவம் பெற்றது. எண்மியமான ஒன்றை மீண்டும் படியெடுப்பது வீண் வேலை. நூலகத்துக்குப் புறப்படுமுன் இவற்றைத் தேடிப் பார்த்துவிடுக.

எஞ்சியவற்றை நாம்தான் படியெடுக்க வேண்டும். அவை இரண்டு மேசைகளில் நம் முன் வரும். ஒன்று குளிரூட்டிய நூலக மேசை. மற்றொன்று கோயில் மண்டபத்துத் தகர மேசை. அங்கு மின்செருகி தொலைவில் இருக்கும், மழைக்காலத்துத் தாள் ஈரத்தில் அலையலையாய் நெளிந்திருக்கும். இரண்டு இடத்துக்கும் ஒத்துவரும் கருவியே நமக்கு வேண்டும்.

இனி எழுத்துக்கு வருவோம். ஓலையில் எழுதிய நம் முன்னோர் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளியிடவில்லை. குத்தினால் ஓலை கிழியும். எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவாய் நின்றன. துணைக்காலும் ரகரமும் ஒன்றாயின. படிப்பவன் தன் மொழியறிவால் அவற்றை நிரப்பிக்கொண்டான். அவ்வறிவு தவறியபோது பாடவேறுபாடு பிறந்தது. உ. வே. சாமிநாதையர் போன்றோர் பல ஏடுகளை ஒப்புநோக்க வேண்டியிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். எகர ஏகாரத்தைப் பிரித்துக் காட்டும் வழியை 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் வகுத்தார். அச்சுத்தொழில் புள்ளியை நிலைபெறச் செய்தது. ஒரு மட்டமான வருடி இவற்றையெல்லாம் ஒரே நொடியில் அழித்து, அச்சு நூலை மறுபடியும் ஓலைச்சுவடியாக்கிவிடும்.

இதில் என்ன இழப்பு, சூழலைக் கொண்டு படித்துக்கொள்ளலாமே என்பீர்கள். திருக்குறளுக்கு அது பொருந்தும். தோட்டத்தமிழுக்குப் பொருந்தாது.

மலாய்மொழியில் உயிரெழுத்துக்குக் குறில் நெடில் வேறுபாடு பொருள் தருவதில்லை, தமிழில் தரும். ஆகவே மலாய்ச்சொல் ஒன்று தமிழுக்குள் வரும்போது, எந்த உயிரைக் குறுக்குவது, எதனை நீட்டுவது, எந்த மெய்யை இரட்டிப்பது என்பதைத் தமிழ்ப் பேச்சாளர் தம்மை அறியாமலே முடிவு செய்கிறார். இரப்பரைக் குறிக்கும் கெத்தா என்னும் மலாய்ச்சொல் நம் தோட்டங்களில் ‘கித்தா’ ஆயிற்று. அச்சொல்லின் முதல் உயிர், மலாயில் நாவை அசைக்காமல் வாயின் நடுவில் ஒலிக்கும் மங்கிய உயிர். தமிழில் அதற்கென எழுத்தில்லை. ஆதலால் கித்தாவில் அது இகரமாகிறது, சிலாங்கூரிலும் இகரமாகிறது, ஜெராமிலோ எகரமாக நிற்கிறது. ஏன் இந்த வேறுபாடு? எப்போது எது நிலைபெற்றது? ஒரே தலைமுறையில் ‘செலாங்கூர்’ என்றும் ‘சிலாங்கூர்’ என்றும் எழுதியவர்கள் யார் யார்? கங்காணி, மண்டோர், கிராணி, ஆயக்கொட்டகை, பெரட்டு என்று ஒரு வாழ்க்கையையே சுமந்த சொற்கள் எந்தெந்த வடிவில் அச்சேறின?

இவ்வினாக்களுக்கு விடை தரும் சான்று ஒரு சுழியளவுதான். ‘கி’ என்பதற்கும் ‘கீ’ என்பதற்கும் மேல்விலங்கின் முனையில் ஒரு சுழி வேறுபாடு. ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் உச்சியில் ஒரு சுழி வேறுபாடு. மெய்க்கும் உயிர்மெய்க்கும் ஒரு புள்ளி. அகராதியில் ஏறாத சொல்லுக்கு அச்சுவடிவமே ஒரே சான்றாக இருக்கும்போது, அந்தச் சுழி மங்கிய படியை வைத்துக்கொண்டு எழுதும் ஆய்வுரை மணலில் கட்டிய வீடு.

சற்றுக் கணக்குப் பார்ப்போம். பழைய மலர் ஒன்றில் சாதாரண உரைநடை அளவில் அச்சான எழுத்தின் புள்ளி 0.4 மில்லிமீட்டர் குறுக்களவு உடையது என்று கொள்வோம். வருடி ஒரு பக்கத்தைச் சிறுசிறு படத்துளிகளாகப் பிரித்தெடுக்கிறது. அங்குலத்துக்கு 150 துளி என்றால் ஒரு துளியின் அகலம் 0.17 மில்லிமீட்டர், புள்ளிக்கு இரண்டு துளிதான் கிடைக்கும். தாளில் உள்ள தூசும் அதே அளவு. 300 துளியில் புள்ளியின் குறுக்கே ஏறத்தாழ ஐந்து துளி விழும். வட்டம் வட்டமாகத் தெரியும். 600-இல் ஒன்பது பத்து. எனவே 300-ஐக் கீழெல்லையாகவும், அடிக்குறிப்பும் சிற்றெழுத்தும் உள்ள பக்கங்களுக்கு 400 அல்லது 600-ஐயும் கொள்க. கடைக்காரர் இதனை டி.பி.ஐ. என்பார். பெட்டியின் மேல் 1200 என்றும் 4800 என்றும் அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். நமக்கு வேண்டிய எல்லையை இன்று ஏறக்குறைய எல்லாக் கருவிகளும் தாண்டுகின்றன. வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது.

கோல் போன்ற கைவருடி மாணவரிடையே பெருவிருப்பம் பெற்றது. ஓர் அடிக்கோல் அளவு, சிறு மின்கலம், உள்ளே ஒரு நினைவட்டை. சட்டைப் பைக்குள் அடங்காவிட்டாலும் தோள்பைக்குள் அடங்கும். பக்கத்தின் மேல் வைத்து மெல்ல இழுக்க வேண்டும். தட்டையான, புதிய, உறுதியான தாளுக்கு அது நல்ல கருவி. நம் மலர்களுக்கு நான் அதனைப் பரிந்துரைப்பதில்லை. கை சற்றே விரைந்தால் எழுத்து குறுகும், திரும்பினால் வரி வளையும். அதன் உருளை தாளைத் தொட்டு உருளுகிறது. மரக்கூழால் செய்யப்பட்டு, அமிலம் ஏறி, பழுத்துப் பொரிந்த தாளில் அந்த உரசலே ஒரு கிழிசல். பல நூலகங்கள் பழைய நூல்களின் மேல் இதனைப் பயன்படுத்த இசைவதில்லை. அவ்வாறு மறுப்பது நியாயமே.

தாளை உள்ளிழுத்து மறுபுறம் தள்ளும் சிறு வருடிகளைப் பற்றி ஒரு வரி போதும்: கட்டிய நூலுக்கு அவை உதவா. நூலைப் பிரித்து உள்ளே செலுத்தலாம் என்று எண்ணுபவர் ஆய்வுத் துறையை விட்டு வேறு தொழில் பார்க்கலாம்.

மேசைவருடி வகையில், கேனன் நிறுவனத்தின் லைடு வரிசை போன்ற மெல்லியவை மடிக்கணினியிலிருந்தே மின்சாரம் பெறும். எடை இரண்டு கிலோவுக்கு உட்பட்டது. தனித்தாள், கடிதம், துண்டறிக்கை, மெல்லிய கையேடு ஆகியவற்றுக்கு இவற்றைப் போல் தெளிவாக எடுப்பது வேறில்லை. குறை என்னவெனில், இவற்றின் உணரி கண்ணாடியோடு ஒட்டிய பரப்பை மட்டுமே கூர்மையாகக் காணும். நூலின் நடுமடிப்பில் தாள் கண்ணாடியை விட்டு ஒரு சில மில்லிமீட்டர் எழுந்தாலே எழுத்து மங்கும். மடிப்பை அழுத்தினால் தெளியும், முதுகு உடையும். இதற்கு மாற்றாகக் கண்ணாடியை ஓரம் வரை நீட்டி, நூலை மேசை விளிம்பில் தொங்கவிடுவது போல் வைத்து எடுக்கும் வருடிகள் உள்ளன. பிளஸ்டெக்கின் ஆப்டிக்புக் அத்தகையது. நல்ல கருவி, ஆனால் பேருந்தில் தூக்கிச் செல்ல ஏற்றதன்று.

மேலிருந்து நோக்கும் வருடி இன்னொரு வகை. வளைந்த கழுத்தின் உச்சியில் படக்கருவி இருக்கும்; நூல் கீழே முகம் மேலாகத் திறந்திருக்கும். ஃபுஜிட்சு 2013-இல் வெளியிட்ட ஸ்கேன்ஸ்னாப் எஸ்.வி. 600 இவ்வகை. சூர் என்னும் பெயரில் வருபவை லேசர்க் கோடுகளைப் பக்கத்தின் மேல் வீழ்த்தி, தாளின் வளைவை அளந்து, மென்பொருளால் அதனை நேராக்குகின்றன. நூலைத் தொடாமல் எடுப்பதே இவற்றின் பெருஞ்சிறப்பு. வளைவை நேராக்கும்போது மடிப்போரத்து எழுத்துகள் சற்று இழுபட்டுத் தோன்றலாம். படிப்பதற்கு அதனால் இடையூறில்லை. அச்சுரு ஆய்வு செய்பவர் மட்டும் நேராக்காத மூலப்படத்தையும் சேமித்துக்கொள்க.

இத்தனைக்கும் பின் கைப்பேசி நிற்கிறது. இன்று மாணவர் கையில் உள்ள பெரும்பாலான கைப்பேசிகளின் படம் 4000-க்கு 3000 துளி. ஏ4 அளவுப் பரப்பு சட்டத்தை நிறைத்தால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 340 துளி கிடைக்கும். ஓரம் விட்டு எடுத்தாலும் 300-க்கு அருகில் நிற்கும். சிறு மலரின் இரண்டு பக்கங்கள் சேர்ந்தே ஏ4 அளவு என்பதால், அதற்கு இது போதும். நாளிதழின் முழுப்பக்கத்தை ஒரே படமாக எடுத்தால் அங்குலத்துக்கு 170 அளவே கிடைக்கும். நான்கு பகுதிகளாக எடுக்க வேண்டும். கைநடுக்கம்தான் கைப்பேசியின் பெருங்குறை. எனவே வருடிக்குச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பங்கைக் கொண்டு, கைப்பேசியைக் கீழ்நோக்கிப் பிடிக்கும் உறுதியான தாங்கி ஒன்றை வாங்குக. நூலை முழுவதும் விரிக்க வேண்டியதில்லை. சுருட்டிய துவாலை இரண்டை இருபுறமும் கொடுத்துப் பாதியளவு திறந்து வைத்து, முதலில் வலப்பக்கங்களையும் பின்னர் இடப்பக்கங்களையும் எடுக்கலாம். பளிச்சொளி கூடாது. பக்கவாட்டு வெளிச்சம் போதும்.

எனவே என் விடை இதுதான்: தோட்டங்களுக்கும் நூலகத்துக்கும் மாறிமாறிச் செல்லும் மாணவருக்குத் தாங்கியோடு கூடிய கைப்பேசியும், தனித்தாள்களுக்கு ஒரு மெல்லிய மேசைவருடியும் போதும். பள்ளியோ வட்டார மன்றமோ பொதுவில் ஒன்று வாங்குமாயின் மேலிருந்து நோக்கும் வருடி ஏற்றது.

வாங்குமுன் ஒரு சோதனை செய்க. 8, 10, 12 ஆகிய மூன்று அளவுகளில் ‘கித்தா, கீத்தா, கெத்தா, கேத்தா, மண்டோர், மண்டோர’ என்று ஒரு தாளில் அச்சிட்டுக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். கருவியில் அதனைப் படியெடுத்துத் திரையில் இருமடங்கு பெருக்கிப் பாருங்கள். விற்பனையாளர் உங்களை வியப்போடு பார்க்கக்கூடும். அதனால் குற்றமில்லை.

எடுத்தபின் எவ்வாறு சேமிக்கிறோம் என்பதிலும் இடர் உண்டு. டேவிட் கிரீசெல் என்னும் ஜெர்மானியக் கணினியறிஞர் 2013-இல் ஒன்றைக் கண்டறிந்தார். செராக்ஸ் நிறுவனத்தின் சில வருடிகள், கட்டட வரைபடத்தில் இருந்த எண்களையே மாற்றி அச்சிட்டன. 6 இருந்த இடத்தில் 8 வந்தது. கோப்பின் அளவைச் சுருக்குவதற்காக, ஒன்றுபோல் தோன்றும் உருக்களை ஒன்றே எனக் கொண்டு, ஒரே வடிவை எல்லா இடத்திலும் ஒட்டிவிடும் முறையே அதற்குக் காரணம். மங்கலாக இருந்தால் ஐயுறுவோம். அங்கோ எழுத்து தெளிவாகவும் தவறாகவும் இருந்தது. ‘கி’யும் ‘கீ’யும் அருகருகே வாழும் தமிழுக்கு இத்தகைய சுருக்கம் எவ்வளவு கேடு என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே கறுப்பு வெள்ளை மட்டும் உள்ள தெரிவை விலக்கிச் சாம்பல்நிறத் தெரிவில் எடுக்க. கறை படிந்த தாளானால் வண்ணத்தில் எடுக்க. ‘எழுத்தை மேம்படுத்து’ என்று கைப்பேசிச் செயலி கேட்டால் வேண்டா என்க. தூசியென்று கருதிப் புள்ளியைத் துடைத்துவிடும் செயலிகள் உள்ளன. டிஃப் அல்லது பி.என்.ஜி. வடிவில் மூலப்படி ஒன்றை வைத்துக்கொண்டு, படிப்பதற்குப் பி.டி.எஃப். ஆக்கிக்கொள்ளலாம். ஏ4 பக்கம் 300 துளியில் சாம்பல்நிறத்தில், சுருக்காத நிலையில், ஏறத்தாழ 8.7 மெகாபைட், நூறு பக்க மலர் ஒரு கிகாபைட்டுக்குள் அடங்கும். இன்றைய நினைவட்டைக்கு அது பெருஞ்சுமையன்று.

எழுத்துணரி மென்பொருள் இன்று தமிழையும் நன்கு படிக்கிறது. தேடுவதற்கு அது பேருதவி. ஆனால் பழைய மலர்களில் ணா, றா, னா ஆகியனவும் ணை, லை, ளை, னை ஆகியனவும் முந்தைய கூட்டுவடிவில் இருக்கும். தமிழ்நாடு அரசு 1978-இல் ஏற்ற சீர்திருத்தத்துக்குப் பின்னரே இன்றைய வடிவங்கள் படிப்படியாகப் பரவின. உணரி அங்கே தடுமாறும். அகராதியைத் துணைக்கொண்டு இயங்கும் மென்பொருள் ‘கித்தா’வைக் கீதையாக்கவும் கூடும். மேற்கோளாகக் காட்டும் ஒவ்வொரு சொல்லையும் படத்தோடு ஒப்பிட்ட பின்னரே ஆய்வேட்டில் எழுதுக.

சட்டம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மலேசியப் பதிப்புரிமைச் சட்டம் 1987-இன்படி ஆசிரியரின் வாழ்நாளும் அவர் மறைந்தபின் 50 ஆண்டும் உரிமை நீடிக்கும். ஆய்வுக்காக நியாயமான அளவில் படியெடுப்பதற்குச் சட்டம் இடந்தருகிறது. முழுநூலைப் படியெடுத்துப் பரப்புவது வேறு. அதற்கு உரியவரின் இசைவு வேண்டும். நூலகத்தில் நூலகரிடமும், கோயிலில் தலைவரிடமும், வீட்டில் அம்மாவிடமும் கேட்டுச் செய்க.

தோட்டத்து அலமாரி பற்றி மேலும் ஒன்று. நூலை இரவல் வாங்கிச் செல்லும் பழக்கம் நமக்கு நல்ல பெயர் தேடித் தரவில்லை. ஆய்வுக்கென்று கொண்டுபோனவர் திரும்பி வரவில்லை என்று பல குடும்பங்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கையடக்கக் கருவியின் முதற்பயனே இதுதான்: நூல் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதில்லை. தேநீர் ஆறுவதற்குள் இருபது பக்கம் எடுத்துவிடலாம். படியை அன்றே அவர்கள் கைப்பேசிக்கும் அனுப்பிவிடலாம்.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-இல் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. ஈழத்தவர் 2005 முதல் ‘நூலகம்’ என்னும் எண்மிய நூலகத்தை ஊர் ஊராகத் திரட்டிக் கட்டிவருகின்றனர். கோட்டையூர் ரோஜா முத்தையா தனியொருவராகத் திரட்டிய துண்டறிக்கையும் நாடக விளம்பரமும் இன்று சென்னையில் அவர் பெயரால் அமைந்த ஆய்வு நூலகத்தில் அறிஞர் தேடும் ஆவணங்களாக உள்ளன. நம் மலர்களும் அத்தகையனவே. அவை எரியவில்லை, மழைக்குழம்பாகவும் பழைய தாள் வண்டிக்கு எடையாகவும் போகின்றன.

இறுதியாக, படியோடு சேர வேண்டிய விவரங்கள். அட்டை, உள்ளட்டை, அச்சகத்தின் பெயர் உள்ள பக்கம், விளம்பரப் பக்கங்கள் ஆகியவற்றை விடாது எடுக்க. மளிகைக்கடை விளம்பரத்தில் உள்ள ஊர்ப்பெயர் எழுத்துக்கூட்டு, தலையங்கத்தில் உள்ளதைவிடப் பல வேளைகளில் பேச்சுவழக்குக்கு நெருங்கியது. முதற்படத்தில் நூலுக்கருகே ஓர் அடிக்கோலை வைத்தால் எழுத்தின் உண்மை அளவு பின்னாளில் தெரியும். ஒரு தாளில் நூலின் பெயர், அது யாருடைய பொறுப்பில் உள்ளது, படியெடுத்த நாள், இடம் ஆகியவற்றை எழுதி அதனையும் ஒரு பக்கமாகப் படமெடுத்துச் சேர்க்க. படியொன்றைப் பள்ளியிலும் மற்றொன்றைப் பல்கலைக்கழக நூலகத்திலும் ஒப்படைக்க. தோட்டத்துக்கும் ஊருக்கும் பழைய பெயர், புதிய பெயர் இரண்டையுமே குறிக்க வேண்டும். பெஸ்தாரி ஜெயா என்று தேடும் மாணவருக்கு, பத்தாங் பெர்ஜுந்தை என்று அச்சான 1970-களின் மலர் அகப்பட வேறு வழியில்லை.